எதையும் தாங்காத தூண்கள் – வாசகர் கேள்வி பதில்

லண்டனின் மேற்குப் பகுதியான ஈலிங்கில் இருக்கும் பிட்ஸ்ஹேங்கர் மேனர் என்ற வீட்டைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக இருந்த ஜான் சோன், 1800 முதல் 1804 வரை தனக்காகவே கட்டிக்கொண்ட வில்லா அது. அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பொதுப்பணித் துறையில் வரைவாளனாகக் காலம் தள்ளியவன் நான். அதனால் கதையைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்ப்பேன். கதை கேட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் பைபாஸ் சாலையோரம் வரிசையாகக் கட்டி விற்கிறார்களே, அதற்குத்தான் வில்லா என்று பெயர். நீங்கள் படம் போட்ட வீடு எங்கள் ஊர் வீடுகளில் பாதிகூட வராது போலிருக்கிறது. இதற்கா இவ்வளவு பெருமை?
– ஒரு வாசகர், காரைக்குடி

பாதி வந்தாலே அதிகம். உங்கள் ஊர் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இந்த வீட்டை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் பந்தி போடலாம். ஆனால் சிறியதாக இருப்பதுதான் அதற்கு அழகு. அந்தக் கால இங்கிலாந்தில் பிரபுவின் மாளிகை என்றால் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், குத்தகைக்காரர்கள், அந்த நிலத்தில் வரும் வருமானம் எல்லாம் உண்டு. வில்லாவுக்கு அது எதுவும் கிடையாது. அதன் சொந்தக்காரர் ஊருக்குள் சம்பாதிக்கிறவர். வங்கிக்காரர், வழக்கறிஞர், வியாபாரி, கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்த்த பணத்தோடு கப்பலேறித் திரும்பியவர் என்று பலரும் உண்டு. லண்டனின் கரிப்புகைக்கு வெளியே, குதிரை வண்டியில் காலையில் கிளம்பினால் நண்பர்கள் மதிய விருந்துக்கு வந்துசேரக்கூடிய தூரத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்வார். நிலம் இருக்கும், ஆனால் உழுவதற்கு அல்ல, ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு. சோன் வாங்கியது 28 ஏக்கர். விலை 4,500 பவுன்.

இரண்டு பக்கமும் நீளும் சிறகுகள் வேண்டாம், ஊர்வலம் போக நடைகூடம் வேண்டாம். நடுவில் ஒரு கூடம், அதைச் சுற்றி உணவறை, நூலகம், வரவேற்பறை, மேலே படுக்கையறைகள், கீழ்த்தளத்தில் சமையலும் வேலைக்காரர்களும். இதற்கென்றே மாதிரி வரைபடங்கள் போட்ட புத்தகங்கள் அச்சாகி விற்றன. கொத்தனாரிடம் பக்கத்தைக் காட்டி, "இதைப் போல ஒன்று" என்று சொன்னால் போதும். ஆக, உங்கள் பைபாஸ் வில்லாவுக்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

முகப்பில் நான்கு பெரிய தூண்கள் நிற்கின்றன. ஆனால் உத்தரம் எதுவும் அவற்றின் மேல் உட்கார்ந்ததாகப் படத்தில் தெரியவில்லை. உச்சியில் பெண் சிலைகள் வேறு. பாரம் இல்லாத தூண் எதற்கு?
– ஸ்தபதி குடும்பத்து வாசகர், சுவாமிமலை

கண் என்றால் இது கண். ஐயா, நீங்கள் பார்த்தது சரி. அந்த நான்கு தூண்களும் சுவரை விட்டுத் தள்ளி நிற்கின்றன. தலையை மட்டும் சுவரோடு பிடித்து இணைத்திருக்கிறார்கள். கூரையின் பாரத்தில் ஒரு பிடிகூட அவை சுமக்கவில்லை. நான்கையும் எடுத்துவிட்டால் வீடு அப்படியே நிற்கும்.

இந்த அமைப்பு ரோமாபுரியின் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவிலிருந்து வந்தது. போரில் வென்ற சக்கரவர்த்திக்கு எழுப்பிய வளைவில் இப்படித்தான் தூண்கள் துருத்திக்கொண்டு நிற்கும், தூணுக்கு ஒரு சிலை என்று மேலே வைத்திருப்பார்கள். சோன் இளைஞராக இருந்தபோது இத்தாலிக்குப் போய் இதையெல்லாம் அளந்து வரைந்தவர். பெண் சிலைகளை வேறிடத்தில் எடுத்தார். ஏதென்ஸில் எரெக்தியம் கோயிலின் முகமண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாகப் பெண்களே நின்று கூரையைத் தலையில் தாங்குவார்கள். அவர்களைப் பார்த்துச் செய்தவை இவை. அங்கே கூரையைச் சுமந்தவர்களுக்கு இங்கே வேலையே இல்லை, வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

ஒரு கொத்தனாரின் மகன் சோன். பதினைந்து வயதில் ஜார்ஜ் டான்ஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். பிறந்தபோது அவர் குடும்பப் பெயரின் கடைசியில் 'ஈ' (e) என்ற ஆங்கில எழுத்து கிடையாது. பின்னால் அவரே சேர்த்துக்கொண்டார். எண் ஜோதிடம் பார்த்து அல்ல, கொஞ்சம் கண்ணியமாகத் தெரியட்டும் என்றுதான். அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் சக்கரவர்த்தியின் வளைவை நட்டுவைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த முகப்பு கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. பின்புறமிருந்து, பூங்காவின் புல்வெளியிலிருந்து பார்த்தால் வீடு இன்னும் அடக்கமாக இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்தப் பெண் சிலைகள் சலவைக்கல்லா, சுதையா? இருநூறு ஆண்டு மழையில் மூக்குகூடக் கரையவில்லையே!
– ஒரு வாசகி, திண்டிவனம்

இரண்டும் இல்லை. சுட்ட மண். எலினர் கோட் என்ற பெண்மணி 1769இல் லண்டன் லாம்பெத்தில் ஒரு தொழிற்சாலையை எடுத்து நடத்தத் தொடங்கினார். வெள்ளைக் களிமண்ணோடு ஏற்கனவே சுட்டு இடித்த மண்தூள், சிக்கிமுக்கிக் கல் தூள், மணல், கண்ணாடித் தூள் எல்லாம் கலந்து அச்சில் அழுத்தி, 1,100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நான்கு நாள் சூளையில் வைப்பார்கள். வெளியே வரும்போது அது செயற்கைக் கல். ஏற்கனவே சுட்ட தூள் கலந்திருப்பதால் சூளையில் அதிகம் சுருங்காது. அளவு மாறாமல் வரும், உறைபனியும் புகையும் அதை ஒன்றும் செய்வதில்லை. உளி வேலை இல்லாததால் ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

கோட் அம்மையார் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கால வழக்கப்படி தொழிலில் அவரைத் 'திருமதி கோட்' என்றுதான் அழைத்தார்கள். ராஜாங்க வேலைகள்வரை எடுத்துச் செய்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் ஒரு முனையில் நிற்கும் பெரிய சிங்கம் அவர் காலத்துக்குப் பிறகு அதே தொழிற்சாலையில் செய்தது. பாலத்தைக் கடந்து போகும் யாரும் அது மண் என்று சொல்ல மாட்டார்கள்.

உள்ளே எப்படி இருக்கும்? வரைபடத்தில் அறைகள் சிறிதாகத் தெரிகின்றன. கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.
– ஒரு மாணவி, கோவை

உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் அம்மா, தேர்வுக்கு உதவாவிட்டாலும் கைக்கு உதவும்.

வாசற்படி தாண்டியதும் ஒடுக்கமான ஒரு கூடம். அகலம் இல்லை, உயரம் மட்டும் உண்டு. சுவர்களில் பக்கத்து ஜன்னல் கிடையாது, வெளிச்சம் உச்சியிலிருந்து கிணற்றுக்குள் விழுவது மாதிரி விழுகிறது. சுவரெல்லாம் சலவைக்கல் போலச் சாயம் பூசியது. அந்த மங்கலில் கண் பழகி நான்கு எட்டு வைத்ததும் காலை உணவு அறை திறக்கிறது. அதன் கூரை ஒரு தட்டையான கவிகை மாடம், குடையை முழுதாக விரித்தது போல. நடுவில் மேகத்தோடு வானம் தீட்டியிருக்கிறது. நான்கு மூலையிலும் வெண்கல நிறம் பூசிய சிலைகள். அளந்து பார்த்தால் சின்ன அறைதான். இருட்டிலிருந்து வந்த கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியாது. நூலகத்தின் கூரையில் கொடிப்பந்தல் மாதிரிச் சித்திரம், மாடியில் ஓர் அறை முழுக்கப் பூவும் பறவையுமாகச் சீனத்து பாணி சுவர்த்தாள். கண்ணாடியை எங்கே மாட்டினால் அறை இரண்டாகும் என்று சோனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

தெற்குப் பக்கம் போனால் காற்றே வேறு. உயரமான, நேரான, சாந்து வேலைப்பாடு நிறைந்த இரண்டு அறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இவை சோன் கட்டியவை அல்ல. 1768இல் அவருடைய குரு ஜார்ஜ் டான்ஸ் கட்டியவை. சோன் டான்ஸிடம் சேர்ந்த ஆண்டும் அதுதான். அந்தப் பையன் வேலை பழகத் தொடங்கிய நாட்களில் கையில் இருந்த கட்டடம் இது. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே வீட்டை விலைக்கு வாங்கி, மற்றதை எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, குருவின் பகுதியை மட்டும் விட்டுவைத்தார். ஒரே வீட்டுக்குள் குருவின் கையும் சீடனின் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க முடிகிற இடங்கள் அதிகம் இல்லை. நீங்கள் வரைபடம் போட்டால் அந்தச் சேர்க்கை விழும் சுவரை முதலில் போடுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ரோமானியக் கோயிலின் இடிபாடுகள் இருந்ததாக எழுதினீர்கள். ரோமானியர் ஈலிங்கில் கோயில் கட்டினார்களா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

கட்டவில்லை. சோன்தான் கட்டினார், இடிந்த நிலையிலேயே! புதிய தூண்களைப் பாதியில் உடைத்து, மண்ணில் அரைவாசி புதைத்து, "தோண்டும்போது கிடைத்தது" என்று விருந்தினர்களிடம் சொல்லி, "மூலக் கோயில் எப்படி இருந்திருக்கும், கருத்துச் சொல்லுங்கள்" என்று அறிஞர்களை மாட்டிவிடுவார். அப்போது போலி இடிபாடு பெரிய மனிதர் தோட்டங்களில் வழக்கம்தான். அதற்கு ஆராய்ச்சிக் குறிப்பும் தயார்செய்யும் அளவுக்குப் போனவர் இவர். இன்று அந்த இடிபாடும் இல்லை.

பத்தே ஆண்டில் வீட்டை விற்றுவிட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பணக் கஷ்டமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பணத்துக்குக் குறைவே இல்லை. 1788இலிருந்து இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞர், மனைவி எலைசா வழியில் ஒரு பெரும் சொத்தும் வந்திருந்தது. ஊருக்குள் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் நல்ல வீடும் இருந்தது. பிறகு எதற்கு ஈலிங்?

பிள்ளைகளுக்காக. வீடு வாங்கிய ஆண்டில் மூத்தவன் ஜானுக்கு 14 வயது, இளையவன் ஜார்ஜுக்கு 11. இருவரும் கட்டடக் கலைஞர்களாக வேண்டும், தன் பெயரில் ஒரு வம்சம் வேண்டும் என்பது அப்பாவின் தீராத ஆசை. படிக்கிற பிள்ளைகளுக்கு வீடே பாடப் புத்தகமாக இருக்கட்டும் என்று சிலைகளும் வார்ப்புகளும் பழைய ஜாடிகளுமாக நிரப்பினார். 1802இல் ஹோகார்த் என்ற ஓவியர் வரைந்த 'ஊதாரியின் வாழ்க்கை' என்ற எட்டு ஓவியங்களை 570 கினி (அந்தக் காலத் தங்க நாணயம்) கொடுத்து வாங்கி இங்கேதான் மாட்டினார். அப்பன் சொத்தைச் சூதாட்டத்திலும் குடியிலும் அழித்து, கடனுக்குச் சிறை போய், பைத்தியக்கார விடுதியில் முடிகிற மகனின் கதை அது. சாப்பிட வருகிற போதெல்லாம் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள். நல்ல அப்பா!

பிள்ளைகளுக்கோ கல்லும் பிடிக்கவில்லை, காகிதமும் பிடிக்கவில்லை. மூத்தவனுக்கு உடம்பு சரியில்லை, ஆர்வமும் இல்லை. இளையவனுக்கு நாடகமும் எழுத்தும்தான் ஆசை. எலைசாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஈலிங் பிடிக்கவில்லை, அவருக்குத் தோழிகளும் கடைகளும் இருக்கிற ஊர்தான் வேண்டும். ஓவியர் டர்னர் வருவார், சோனோடு சேர்ந்து தோட்டத்துக் குளத்தில் மீன் பிடிப்பார். விருந்துகள் நடக்கும். விருந்து முடிந்தால் பாத்திரம் எண்ணி வைக்கிறவர் யார் என்பதை வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டாம். 1810இல் வீடு கைமாறியது.

மிச்சக் கதை வீட்டுக்கு வெளியே நடந்தது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1811இல் ஜார்ஜ் கல்யாணம் செய்துகொண்டு, உங்களைப் பழிவாங்கவே இதைச் செய்தேன் என்று தாய்க்கு எழுதினான். கடனுக்குச் சிறையும் போனான். 1815 செப்டம்பரில் 'சாம்பியன்' என்ற பத்திரிகையில் பெயர் போடாத இரண்டு கட்டுரைகள் வந்தன, அப்பாவின் கட்டடங்களையும் வீட்டையும் கிழி கிழியென்று கிழித்து. எழுதியது தன் மகன்தான் என்று எலைசாவுக்குத் தெரியவந்தது. ஏற்கனவே நோயில் இருந்தவர் அதே ஆண்டு நவம்பர் 22 அன்று இறந்துபோனார். சோன் அந்தக் கட்டுரைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, 'ஜார்ஜ் சோன் கொடுத்த மரண அடிகள்' என்று எழுதிச் சுவரில் மாட்டிவைத்தார். பிறகு 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்து லிங்கன்ஸ் இன் வீட்டையும் அதிலிருந்த அத்தனையையும் நாட்டுக்கு எழுதிவைத்தார். மகனுக்குப் போகாமல் இருக்க அதைவிடப் பலமான பூட்டு கிடையாது.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டுத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கு எலைசா பக்கம்தான்.

சோனுக்குப் பிறகு வீட்டில் யார் இருந்தார்கள்?
– ஒரு வாசகர், சிதம்பரம்

கைமாறிக் கைமாறி 1843இல் அரசியல்வாதி ஸ்பென்சர் வால்போல் வாங்கினார், மனைவியின் மணமாகாத சகோதரிகள் வசிப்பதற்காக. அந்தப் பெண்களின் தந்தை ஸ்பென்சர் பெர்சிவல். 1812 மே 11 அன்று நாடாளுமன்ற முன்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர். பிரிட்டனில் கொலையுண்ட பிரதமர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கடைசி மகள் பிரெடரிக்கா 1900இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதன்பின் ஈலிங் ஊராட்சி தோட்டத்தை வால்போல் பூங்கா என்று 1901இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வீடு மறு ஆண்டு நூலகமானது. 1984வரை நூலகம்தான். ஒரு கட்டடத்துக்கு இதைவிட நல்ல பிழைப்பு கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நூலகத்துக்காகச் சுவரை மாற்றினார்கள், சாயத்தின் மேல் சாயம் ஏற்றினார்கள். வெகுகாலம் கழித்து, நான்கு ஆண்டு மூடி வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து 2019 மார்ச்சில் திறந்தார்கள். சோனிடம் வேலை பார்த்த ஜோசப் காண்டி தீட்டிய நீர்வண்ணப் படங்கள் இருந்ததால் எந்த அறை எப்படி இருந்தது என்று தெரிந்தது. வரைவாளன் என்ற முறையில் காண்டிக்கு ஒரு கும்பிடு.

ஜன்னலுக்கெல்லாம் அங்கே வரி போட்டார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

உண்மை. 1696இல் தொடங்கி 1851வரை. ஜன்னல்களை எண்ணி வரி. செங்கல்லுக்கு 1784இலிருந்து தனி வரி, கண்ணாடிக்கு இன்னொன்று. ஏழைகள் ஜன்னலை அடைத்துச் சுவராக்கினார்கள். வில்லாக்காரர்கள் தரைவரை இறங்கும் ஜன்னல்களாக வைத்து, எங்களுக்கு வரி ஒரு பொருட்டல்ல என்று தெருவுக்குச் சொன்னார்கள்.

நம் நாட்டுச் சாயலில் கட்டிய வில்லா ஏதாவது இங்கிலாந்தில் உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

உண்டு, உங்கள் ஊரைப் பார்த்தவர் ஒருவரின் கையும் அதில் இருக்கிறது. குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற வீடு. கம்பெனியில் பணம் சேர்த்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல் சொந்தக்காரர். 1805ஐ ஒட்டி வேலை தொடங்கியது. வரைந்தவர் அவருடைய அண்ணன் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அதனால் தாமஸ் டேனியல் என்ற ஓவியரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். டேனியல், தன் சகோதரர் மகன் வில்லியமுடன் 1792இல் தெற்கே வந்து திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரை எல்லாவற்றையும் வரைந்தவர்.

ஆனால் ஆசைப்பட்டுக் கோபுரம் தேடாதீர்கள். வெளியே வெங்காய வடிவக் கவிகை, வெயிலுக்கு நீட்டிய இறவாணம், மூலைக்கு மூலை சின்ன மண்டபம் என்று வடநாட்டு முகலாயச் சாயல்தான். குளோஸ்டர்ஷயரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று தெரிந்தும் இறவாணத்தை நீட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் ஒரு துளி இந்தியா கிடையாது, சுத்தமான கிரேக்க பாணி. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்ட ஆசாமி! தோட்டத்தில்தான் கொஞ்சம் நம்மவர்கள். குளக்கரையில் சூரியனுக்கு ஒரு கோயில், பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் நந்திகள். 1807இல் பட்டத்து இளவரசர் வந்து பார்த்து மயங்கிப் போனார் என்பார்கள். அவருடைய பிரைட்டன் மாளிகை பின்னால் கவிகைகளாக முளைத்ததற்கு இந்த வீடும் ஒரு காரணம்.

அந்தப் பிரைட்டன் கவிகைகளைக் கட்டியவர் ஜான் நாஷ். சோனுக்குப் போட்டியாளர். லண்டனின் ரீஜென்ட்ஸ் பூங்காவுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட வில்லாக்களை அவர் திட்டமிட்டதையும், கடைசியில் எட்டுதான் எழும்பியதையும் பற்றி இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த இதழுக்கு.

மகன் லண்டனில் இருக்கிறான், கோடையில் போகிறோம். ஒருநாள் ஒதுக்கினால் எப்படிப் பார்ப்பது?
– ஒரு தம்பதி, சேலம்

ஈலிங் பிராட்வே நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். முகப்பைப் படம் எடுத்துவிட்டு நேரே கூடத்துக்குள் போய் அவசரப்படாமல் நில்லுங்கள், இருட்டு பழகட்டும். பின்பு பூங்காவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிற்பகலில் ரயிலேறி ஹோல்பர்ன் நிலையத்தில் இறங்கினால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ். அங்கே சோனின் இன்னொரு வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஈலிங்கில் மாட்டியிருந்த ஹோகார்த் ஓவியங்கள் இப்போது அங்கேதான். சின்ன அறை ஒன்றில் சுவரே கதவுப் பலகைகளாகக் கீலில் திறக்கும், பலகைக்குப் பின்னால் பலகை, அதற்குப் பின்னாலும் படம். மூடியிருந்தால் படம் தெரியவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். அறையில் நிற்கும் ஊழியரிடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டுவிட்டு அங்கேயே காத்திருங்கள்.